மொழியைக் கெடுத்தவர் என்று ஏசப்பட்ட குரல்
ஒரு வானொலி அறிவிப்பாளர் லத்தீன் இசையையும் சிரிப்பையும் கார்ட்டூன் கரடியையும் ஆண்ட கதை

1943ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தெருக்களில் அமெரிக்கக் கடற்படையினரும் தரைப்படையினரும் கூட்டங்கூட்டமாக இறங்கி, டிராம் வண்டிகளை மறித்தும் திரையரங்குகளுக்குள் புகுந்தும், தொளதொளத்த கால்சட்டையும் முழங்கால்வரை இறங்கும் மேல்கோட்டும் அணிந்திருந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களை வெளியே இழுத்துப்போட்டு அடித்து, அவர்களின் உடைகளை உருவிக் கிழித்தனர். அடித்தவர்கள் பெரும்பாலும் கைவீசிக்கொண்டு போக, அடிபட்டவர்களே காவல்நிலையம் சென்றனர். போர்க்காலத்தில் துணிக்குக் கட்டுப்பாடு இருக்கையில் ஓர் உடைக்கு இத்தனை துணியைச் செலவிடுவது தேசத்துக்குச் செய்யும் துரோகம் என்பது தாக்கியோர் சொன்ன நியாயம். அந்த உடைக்கு 'ஜூட் சூட்' என்று பெயர். அதை அணிந்து, ஸ்பானிய மொழியையும் ஆங்கிலத்தையும் குழைத்துத் தமக்கென ஒரு தெருப்பேச்சை வைத்துக்கொண்டு திரிந்த எல்லைப்புற இளைஞர்களுக்குப் 'பாச்சூக்கோ' என்று பெயர்.

அதே ஆண்டு நவம்பரில், மெக்சிகோ நகரின் இரிஸ் நாடக அரங்கில் அதே உடையை இன்னும் மிகைப்படுத்தி, தொப்பியில் நீண்ட இறகும் இடுப்பிலிருந்து தொங்கும் சங்கிலியுமாக ஒருவர் மேடையேறி, அந்தத் தெருப்பேச்சையே பேசிப் பாடி ஆடினார். அரங்கம் சிரித்தது. அவர் பெயர் ஹெர்மான் வால்தெஸ். மேடைப் பெயர் 'டின் டான்'. அதற்குச் சில மாதங்கள் முன்புவரை அவர் எல்லை நகரம் ஒன்றின் வானொலி அறிவிப்பாளர். மெக்சிகோவின் லத்தீன் இசைப் படங்களையும், நகைச்சுவை நடிப்பையும், கார்ட்டூன்களுக்குக் குரல் கொடுக்கும் கலையையும் அவரைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. எனினும் அவருடைய தொழில்வாழ்வை ஆராய்ந்தோர் பெரும்பாலும் திரைப்படத்திலிருந்தே தொடங்குகின்றனர். அது பாதிக் கதையே. மீதிப் பாதி வானொலி நிலையத்தில் இருக்கிறது.

எல்லை நகரம் கொடுத்த காது

1915 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரில் பிறந்த ஹெர்மானின் தந்தை சுங்கத்துறை ஊழியர். பணிமாற்றங்களோடு குடும்பமும் இடம்பெயர்ந்து, வெராகுரூஸ் துறைமுகத்தைக் கடந்து, 1927இல் வடக்கு எல்லையில் உள்ள சியுதாத் ஹுவாரெஸ் நகருக்கு வந்து சேர்ந்தது. ஆற்றின் இக்கரையில் ஹுவாரெஸ், அக்கரையில் டெக்சஸ் மாநிலத்தின் எல் பாசோ. இடையில் ஒரு பாலம். அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பில் இருந்தமையால் (1920 முதல் 1933 வரை), தாகத்தோடு பாலம் கடந்து வரும் அமெரிக்கர்களை நம்பி ஹுவாரெஸ் தெருக்களில் மதுக்கூடங்களும் கேளிக்கை விடுதிகளும் பெருகியிருந்தன. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் காதில் ஒரே நேரத்தில் மெக்சிகோவின் நாட்டுப்புறப் பாட்டும், கியூபாவிலிருந்து வந்த காதல் மெட்டுகளும், அமெரிக்க ஜாஸ் குழுக்களின் எக்காளமும் விழுந்தது இந்தச் சூழலில்தான்.

பள்ளிப்படிப்பில் நாட்டம் இல்லாத அவர் தையற்கடை உதவியாளர், சுற்றுலா வழிகாட்டி என்று கைக்குக் கிடைத்த வேலைகளைச் செய்துவிட்டு, பேத்ரோ மெனேசெஸ் ஓயோஸ் என்பவர் நடத்திய எக்ஸ்இஜே வானொலி நிலையத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒலிவாங்கி ஒன்றைச் சரிபார்க்கும் சாக்கில், நாடே கொண்டாடிய பாடலாசிரியரும் பாடகருமான அகுஸ்தின் லாராவைப் போல அவர் பாடிக் காட்ட, அது நேரலையில் போய்விட, நிலைய உரிமையாளர் அவருக்கு ஒரு நிகழ்ச்சியே கொடுத்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் சொல்கின்றனர். கதை சற்று அலங்கரிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் அறிவிப்பாளராகவும், பாடகராகவும், பிறர் குரல்களைப் போலிசெய்யும் பல்குரல் கலைஞராகவும் அவர் அங்கே ஆண்டுக்கணக்கில் உழைத்ததில் ஐயமில்லை. 'தொப்பீயோ தாப்பாஸ்' என்ற பாச்சூக்கோப் பாத்திரத்தை முதலில் அவர் உருவாக்கியதும் அந்த வானொலியில்தான். கண்ணால் பார்க்கப்படாத ஒரு பாத்திரத்தை நேயர் குரலிலிருந்து மட்டுமே உருவகித்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம், உடையும் நடனமும் சேர்வதற்கு முன்பே அவருடைய பேச்சுக்கு ஒரு முழு உடலைக் கொடுத்துவிட்டது.

1943இல் பாக்கோ மில்லர் என்ற பொம்மைக்குரல் கலைஞரின் ஊர்சுற்றும் நாடகக் குழு ஹுவாரெசுக்கு வந்தது. (பொம்மைக்குரல் என்பது உதட்டை அசைக்காமல் பேசி, கையிலுள்ள பொம்மை பேசுவதாகத் தோன்றச் செய்யும் வித்தை.) அந்தக் குழு அவரை அழைத்துக்கொண்டது, கோவில் மணியோசையை நினைவூட்டும் 'டின் டான்' என்ற பெயரையும் மில்லரே சூட்டினார். பெயர் பிடிக்கவில்லை என்று முதலில் முணுமுணுத்தவர் சாகும்வரை அந்தப் பெயரிலேயே வாழ்ந்தார். அந்தக் குழுவில்தான் கிடார் கலைஞர் மார்செலோ சாவெஸ் அவருக்குத் துணையானார். மார்செலோ கிடாரோடு நேராக நிற்க, டின் டான் அவரைச் சுற்றிச் சுழன்று மெட்டை உடைத்து மீண்டும் ஒட்டவைப்பார். 1970இல் மார்செலோ மறையும்வரை நீடித்த கூட்டு அது.

பெட்டிச் செய்தி: சில சொற்கள், சில இசைகள்
பாச்சூக்கோ: 1930களிலும் 1940களிலும் எல் பாசோ, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரங்களில் வளர்ந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர் பண்பாடு.
காலோ: அவர்களின் தெருப்பேச்சு, ஸ்பானிய இலக்கணத்தில் ஆங்கிலச் சொற்களையும் குழூஉக்குறிகளையும் பொதிந்து பேசுவது.
பொலேரோ: கியூபாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாகி, மெக்சிகோ வானொலியில் உச்சம் தொட்ட மெதுநடைக் காதல் பாட்டு.
மாம்போ: கியூபாக்காரரான பேரெஸ் பிராதோ 1940களின் இறுதியில் மெக்சிகோ நகரில் இருந்துகொண்டு உலகெங்கும் பரப்பிய விரைவு நடன இசை.
ஸ்கேட்: பொருளற்ற அசைகளை இசைக்கருவி போல வாயால் வாசிக்கும் ஜாஸ் பாட்டுமுறை.

பாட்டை உடைத்துப் பாடியவர்

மெக்சிகோ நகரின் வானொலி உலகை அக்காலத்தில் ஆண்டது, எமிலியோ அஸ்காரகா 1930இல் தொடங்கிய எக்ஸ்இடபிள்யூ நிலையம். தன்னை லத்தீன் அமெரிக்காவின் குரல் என்று அழைத்துக்கொண்ட அந்நிலையத்தின் வழியாகவே பொலேரோ கண்டமெங்கும் பரவியது. டின் டானும் அதில் இடம்பிடித்தார். ஆனால் அங்கு பாடிய மற்றவர்களுக்கும் அவருக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. பொலேரோ பாடகர் மரபில் காதலின் துயரத்தைக் குரல் நடுங்காமல் கண்ணியத்தோடு எடுத்துச்செல்வதே திறமை. டின் டானோ பாட்டை முதல் அடிகளில் உண்மையான உருக்கத்தோடு பாடி, கேட்பவர் கரையத் தொடங்கும் வேளையில் ஸ்கேட் அசைகளுக்குத் தாவி, அடுத்து யாரோ ஒருவரின் குரலைப் போலிசெய்து, கடைசியில் மீண்டும் உருக்கத்துக்கே திரும்புவார். கேலி செய்வதற்காகப் பாட்டைக் கெடுக்கும் விகடகவியாக அவரைக் கருதுவது பிழை. நன்றாகப் பாடத் தெரிந்தவரால் மட்டுமே இவ்வாறு உடைக்க முடியும் என்பதற்கு, அவர் குடிபோதைப் பாத்திரமாக நடித்துக்கொண்டே சுருதி பிசகாமல் பாடும் காட்சிகளே சான்று.

திரையுலகம் அவரை விரைந்து இழுத்துக்கொண்டது. 1945இல் வந்த 'எல் இஹோ தெசோபெதியென்தே' (கீழ்ப்படியாத மகன்) படத்தில் முதன்முறையாகக் கதாநாயகனானார். 1940களின் இறுதியில் இயக்குநர் ஹில்பெர்த்தோ மார்த்தினெஸ் சொலாரெசும், 'பெரல்வில்யோ' என்று அழைக்கப்பட்ட எழுத்தாளர் ஹுவான் கார்சியாவும் அவரோடு இணைந்தபின் வந்த படங்களே அவருடைய பொற்காலம். அவற்றுள் 'எல் ரே தெல் பாரியோ' (பேட்டையின் ராஜா) தனித்து நிற்கிறது. அதில் அவர் ஏற்கும் பாத்திரம், பணக்காரர் வீடுகளில் கொள்ளையடிப்பதற்காக வெவ்வேறு வெளிநாட்டவராக வேடமிடுகிறது. இத்தாலியச் சங்கீத வாத்தியாராக வந்து, நெட்டையும் ஒல்லியுமான நகைச்சுவை நடிகை 'விதோலா'வோடு குரல்பயிற்சி என்ற பெயரில் அவர் நடத்தும் களேபரம், ஓர் உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு மனிதரையே எழுப்பிவிடும் வானொலிக் கலைஞரின் கைவரிசை. வேடம் கண்ணுக்கு, ஆளைக் காட்டுவது குரல்தான்.

அக்காலத்தின் இன்னொரு பெரும் நகைச்சுவையாளரான காந்தின்ஃப்ளாஸ், மெக்சிகோ நகர ஏழையின் வழவழப் பேச்சைக் கலையாக்கினார். அவருடைய மொழி எவ்வளவு சுற்றினாலும் தேசத்துக்குள்ளேயே சுற்றியது. டின் டானின் மொழி எல்லையைக் கடந்து அக்கரைக்கும் போய்வந்தது. ஆளும் வர்க்கத்துக்கு முதலாமவர் செல்லப்பிள்ளையானதும் இரண்டாமவர் உறுத்தலானதும் இதனால்தான்.

பிழை என்று தீர்ப்பளித்தவர்கள்

நாட்டின் முதல் பொதுக்கல்விச் செயலராகப் பணியாற்றியவரும் மெக்சிகோவின் பண்பாட்டு அடையாளத்தைப் பற்றிப் பெரிய கோட்பாடுகளை எழுதியவருமான ஹோசே வாஸ்கொன்செலோஸ் உள்ளிட்ட மொழித்தூய்மையாளர்கள், டின் டானின் ஆங்கிலக் கலப்புப் பேச்சு இளைஞர்களின் ஸ்பானியத்தைக் கெடுப்பதாகக் கண்டித்தனர். அண்டை வல்லரசிடம் நிலப்பரப்பில் பாதியளவை 19ஆம் நூற்றாண்டில் இழந்த ஒரு நாட்டில், அவ்வல்லரசின் சொற்கள் மேடையேறிச் சிரிப்பு வாங்குவதைப் பார்த்து எழுந்த அச்சம் அது. முழுக்கப் புறந்தள்ளத் தக்கதன்று. ஆனால் கண்டித்தோர் ஒன்றைக் கவனிக்கத் தவறினர். அந்தப் பேச்சை டின் டான் கண்டுபிடிக்கவில்லை. பாலத்தின் இருபுறமும் வேலைக்குப் போய்வந்த இலட்சக்கணக்கானோர் அன்றாடம் பேசியதையே அவர் ஒலிவாங்கிக்கு முன் கொண்டுவந்தார்.

இதே காலத்தில் பாச்சூக்கோவைப் பற்றி மிகுதியும் மேற்கோள் காட்டப்படும் எழுத்தும் வெளிவந்தது. பின்னாளில் இந்தியாவில் மெக்சிகோவின் தூதராக இருந்தவரும், 1990இல் நோபல் பரிசு பெற்றவருமான கவிஞர் ஒக்தாவியோ பாஸ், லாஸ் ஏஞ்சலஸில் தாம் கண்டதை வைத்து, 1950இல் வெளியிட்ட 'தனிமையின் புதிர்வழி' என்னும் கட்டுரை நூலின் முதல் இயலிலேயே பாச்சூக்கோவை ஆராய்ந்தார். அவர் கண்ட பாச்சூக்கோ இரு பண்பாடுகளையும் இழந்தவன். உடையையே முகமூடியாக்கிக்கொண்ட அநாதை. நூல் பெரிது, நடை அழகியது. ஆயினும் அதே ஆண்டுகளில் டின் டான் படம் ஓடிய கொட்டகைக்குள் நுழைந்திருந்தால், இரு பண்பாடுகளையும் ஒருசேர வைத்துக்கொண்டு மகிழ்ச்சியாக ஆடுகிற ஒரு பாச்சூக்கோவை அக்கவிஞர் பார்த்திருக்கலாம்.

கண்டனங்களுக்கு விளைவு இருந்தது. 1940களின் இறுதிக்குள் டின் டானின் படங்களில் ஜூட் சூட் மெல்ல மறைந்தது. காலோச் சொற்கள் குறைந்தன. பாச்சூக்கோ, மெக்சிகோ நகரப் பேட்டைகளின் சாமர்த்தியக்கார ஏழையாக உருமாறினார். இதைச் சமரசம் என்று சிலர் குறை கூறுவர். படங்களைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: உடை போனதே தவிர, பேச்சின் நடையும் துள்ளலும், சொல்லைப் பாதியில் திருப்பி இன்னொரு மொழியில் இறக்கும் வழக்கமும் போகவில்லை. தணிக்கையால் சொற்களை நீக்க முடியும், தாளத்தை நீக்க முடியாது.

சரிவு வெளியிலிருந்து வரவில்லை. தயாரிப்பாளர்கள் ஆண்டுக்குப் பல படங்கள் என்று அவரைப் பிழிந்தனர். ஸோரோ, சிந்துபாத், சிண்ட்ரெல்லா என்று தெரிந்த கதைகளையெல்லாம் பகடி செய்து முடித்தபின், 1950களின் பிற்பகுதியில் படங்கள் ஒன்றையொன்று நகலெடுக்கத் தொடங்கின. நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் நடித்த அவரைத் திரையில் முழு வீச்சோடு காண, அவற்றுள் ஒரு பத்துப் பதினைந்தே போதும். 1960களில் அவருக்கு வந்தவை பெரும்பாலும் துணைப் பாத்திரங்களே.

பெட்டிச் செய்தி: ஒரு குடும்பத்தின் சிரிப்பு
டின் டானின் தம்பிகளுள் மூவர் நடிகராயினர். அவர்களுள் ரமோன் வால்தெஸ், லத்தீன் அமெரிக்கா முழுதும் பார்க்கப்பட்ட 'எல் சாவோ தெல் ஓச்சோ' தொலைக்காட்சித் தொடரில் வாடகை பாக்கி வைத்தே காலந்தள்ளும் டான் ரமோனாகப் புகழ்பெற்றார். இன்னொருவரான மனுவேல் 'எல் லோக்கோ' வால்தெஸ் தொலைக்காட்சி நகைச்சுவையில் கோலோச்சினார். பாடகர் கிறிஸ்தியான் காஸ்த்ரோ அவருடைய மகன்.

கரடிக்குக் கிடைத்த குரல்

திரையில் முகத்துக்கு மவுசு குறைந்த காலத்தில்தான் குரல் அவருக்குப் புதிய வாழ்வு கொடுத்தது. வால்ட் டிஸ்னி நிறுவனம் 1967இல் வெளியிட்ட 'ஜங்கிள் புக்' படத்தை ஸ்பானியத்தில் ஒலிமாற்றம் செய்யும் பொறுப்பு, அந்நிறுவனத்தின் படங்களுக்கு நெடுங்காலமாக ஸ்பானிய வசனமும் பாடல்களும் எழுதி இயக்கிவந்த எத்முந்தோ சாந்தோசிடம் இருந்தது. பாலூ என்னும் கரடிக்கு அவர் டின் டானைத் தேர்ந்தார்.

இந்தத் தேர்வின் பொருத்தம் ஆங்கில மூலத்தைப் பார்த்தால் விளங்கும். மத்திய இந்தியக் காடுகளைக் களமாக வைத்து ருட்யார்ட் கிப்ளிங் 1894இல் வெளியிட்ட நூலில் பாலூ ஒரு கண்டிப்பான கிழ வாத்தியார். ஓநாய்க்குட்டிகளுக்குக் காட்டின் சட்டத்தைப் போதிப்பவர். டிஸ்னியின் படத்தில் அவரை உழைப்பை அஞ்சும் உல்லாசியாக மாற்றியது, குரல் கொடுத்த ஃபில் ஹாரிஸ். அவரும் வானொலிக்காரரே: இசைக்குழு நடத்துநராக இருந்து, ஜாக் பென்னியின் நகைச்சுவை நிகழ்ச்சியில் 1936 முதல் பங்கேற்று, பின் மனைவி ஆலிஸ் ஃபேயோடு சொந்தமாக வானொலி நிகழ்ச்சி நடத்தியவர். எழுதிக்கொடுத்த வசனத்தைத் தம் வாய்க்கு ஏற்ப மாற்றிப் பேசியவர். அத்தகைய ஒருவரை இன்னொரு மொழிக்குக் கொண்டுசெல்ல, வசனத்தை உதட்டசைவுக்குப் பொருத்தும் சாதாரண ஒலிமாற்றக் கலைஞரால் இயலாது. இசைக்குழுவோடு வளர்ந்த, வானொலியில் பழகிய, தாளத்துக்குள் பேசத் தெரிந்த இன்னொரு ஆள் வேண்டும். குரங்கரசனின் கோட்டையில் பாலூ மாறுவேடமிட்டு ஆடிக்கொண்டே ஸ்கேட் பாடும் காட்சியில், ஹுவாரெஸ் நாள்களிலிருந்து டின் டான் சேர்த்துவைத்த அத்தனையும் ஒன்றுதிரண்டு வெளிப்படுகிறது: போலிக்குரல், ஜாஸ் அசை, வேடம், பெரும் மனம்.

டிஸ்னியின் அடுத்த கார்ட்டூன் படமான 'அரிஸ்டோகேட்ஸ்' 1970இல் வந்தபோது, தெருப்பூனையான தாமஸ் ஓ மாலிக்கு ஆங்கிலத்தில் மீண்டும் ஃபில் ஹாரிசும் ஸ்பானியத்தில் மீண்டும் டின் டானும் குரல் கொடுத்தனர். வீடற்ற, நாக்கு நீண்ட, பெண்களிடம் குழையும் பேட்டைப் பூனை அது. இருபதாண்டுகளுக்கு முன் மொழித்தூய்மையாளர்களின் நெருக்குதலால் உடை மாற்றிக்கொண்ட பாச்சூக்கோ, பூனைத்தோல் போர்த்துத் திரும்பிவந்துவிட்டதாகச் சொன்னால் மிகையாகாது.

குரலுக்குப் பின் வந்தவை

1973 ஜூன் 29 அன்று, 57 வயதில், கல்லீரல் நோயால் மெக்சிகோ நகரில் டின் டான் காலமானார். 'எல் கபித்தான் மந்தாராயா' என்ற படத்தை அவரே இயக்கி நடித்தது இறுதி ஆண்டுகளில்தான். சம்பாதித்ததைத் தாராளமாகச் செலவிட்டு வாழ்ந்தவர் என்பதால் மிச்சம் அதிகமில்லை. அறிவுலகின் ஏற்பு அதற்குப் பின்னரே தாமதமாக வந்தது. மெக்சிகோவின் வெகுசனப் பண்பாட்டை ஆராய்ந்த கார்லோஸ் மொன்சிவாயிஸ் போன்ற கட்டுரையாளர்கள் அவரைப் பொழுதுபோக்கு நடிகர் என்ற பட்டியலிலிருந்து எடுத்து, நவீன நகர வாழ்வின் முன்னோடியாக மதிப்பிட்டனர்.

எல்லைக்கு வடக்கே விளைவு இன்னும் நேரடியானது. அமெரிக்க மெக்சிகோ வம்சாவளியினர் 1960களிலும் 1970களிலும் தங்களைச் 'சிக்கானோ' என்று பெருமையோடு அழைத்துக்கொண்டு உரிமை இயக்கம் நடத்தியபோது, ஜூட் சூட் அடிவாங்கிய உடை என்ற நிலையிலிருந்து எதிர்ப்பின் உடையாக மாறியது. 1970களில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லத்தீன் எழுத்தாளர்கள் வெளியிட்ட இலக்கிய இதழ் ஒன்றுக்கு 'டின் டான்' என்றே பெயர் வைத்தனர். 1978இல் லூயிஸ் வால்தேஸ் (நடிகரின் உறவினர் அல்லர்) எழுதி இயக்கிய 'ஜூட் சூட்' நாடகம், 1943இன் லாஸ் ஏஞ்சலஸைப் பாச்சூக்கோவின் பார்வையிலிருந்து மேடையேற்றியது. மெக்சிகோ நகரிலோ, 'மால்தித்தா வெசிந்தாத்' என்ற ராக் இசைக்குழு பாச்சூக்கோ உடையை 1990களின் இளைஞர்களுக்கு மீட்டுக் கொடுத்தது. பீட்டில்ஸ் குழுவினர் 1967இல் தம் இசைத்தட்டின் அட்டைப்படத்தில் டின் டானைச் சேர்க்க விரும்பினர், அவர் மறுத்து ஒரு மெக்சிகோ மண்சிற்பத்தை அனுப்பினார் என்றொரு செவிவழிக் கதையும் உலவுகிறது. உறுதியாகக் கொள்ளத்தக்க சான்று இல்லாத அக்கதையை மெக்சிகர்கள் விடுவதாக இல்லை. ஹுவாரெஸ் நகரின் மையச் சதுக்கத்தில் ஜூட் சூட் அணிந்த அவருடைய சிலை நிற்கிறது.

இவற்றையெல்லாம்விடத் தொலைவுக்குப் போய்ச் சேர்ந்த விளைவு ஒலிமாற்றத்தில்தான் இருக்கிறது. அக்காலத்தில் டிஸ்னி நிறுவனம் தன் கார்ட்டூன் படங்களுக்கு ஸ்பானிய மொழியில் ஒரே ஒரு பதிவையே செய்தது. மெக்சிகோவில் பதிவான அதுவே ஸ்பானியம் பேசும் லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கும் போயிற்று, ஸ்பெயின் நாட்டுக்கும் போயிற்று. ஸ்பெயினுக்கெனத் தனி ஒலிமாற்றம் செய்யும் வழக்கம் 1991இல் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' படத்தோடுதான் தொடங்கியது. அதன் பிறகு சில பழைய படங்கள் அங்கே புதிதாக ஒலிமாற்றம் செய்யப்பட்டன. ஆனால் 1967ஆம் ஆண்டுக் கார்ட்டூன் படத்தின் பாலூவுக்கு மாற்றுக் குரல் தேடப்படவில்லை. ஸ்பானியத்தைக் கெடுப்பவர் என்று தாய்நாட்டின் கல்வியாளர்களால் ஏசப்பட்ட எல்லைப்புற வானொலிக்காரரின் குரலில்தான், அம்மொழி பிறந்த நாட்டின் குழந்தைகளும் அந்தக் கரடியை இன்றுவரை கேட்டு வளர்கின்றனர்.